கறுப்பு ஃபிலிமை உரித்த பிறகு புதிதாக ஒட்டலாமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

சிறு தேயிலை விவசாயக் குடும்பம். மூன்று வருடத்துக்கு முன்னால் கொழுந்தனாரிடமிருந்து ஒரு பழைய காரை வாங்கினார்கள். நான்கு கதவுகளிலும் பின்கண்ணாடியிலும் அடர்த்தியான கூலிங் ஃபிலிம் ஒட்டியே வந்த வண்டி. இப்போது அந்த ஃபிலிம் ஊதா நிறமாகி, கொப்பளம் கொப்பளமாக எழும்பி, ஓரத்தில் சுருண்டு நிற்கிறது. 14 வயது மகளுக்கு லூபஸ் நோய். வெயில் பட்டால் முகம் தடித்துவிடும், மூட்டு வலியும் கூடும். மாதம் ஒருமுறை கோவைக்கு வைத்தியத்துக்குப் போகவேண்டும். ஃபிலிமை எடுக்காமல் வைத்திருந்ததே அவளுக்காகத்தான்.

போன மாதம் மேட்டுப்பாளையத்தில் வாகனச் சோதனையில் மாட்டி 500 ரூபாய் அபராதம் கட்டியிருக்கிறார்கள். பயந்துபோய் அன்றைக்கே அங்கே ஒரு கடையில் ஃபிலிமை உரிக்கக் கொடுத்தார்கள். கடைப் பையன் பின்கண்ணாடியில் பிளேடு போட்டுச் சுரண்டியதில், கண்ணாடியைச் சூடாக்கி அதில் படியும் ஈரத்தை விலக்கும் டீஃபாகர் கோடுகள் அறுந்துவிட்டன. “பழைய வண்டிதானே, அது முன்னாடியே போயிருக்கும்” என்றாராம் கடைக்காரர். கோபத்தில் மற்ற கண்ணாடிகளைத் தொடவிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டார்கள்.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. “கேரளாவில் கோர்ட்டே ஒட்டலாம்னு சொல்லிடுச்சு” என்கிறார் கணவர். இன்னொரு கடைக்காரர் “ஆர்டிஓ அப்ரூவ்டு 50 சதவீத ஃபிலிம்” இருக்கிறது என்கிறார். டாக்டர் கடிதம் இருந்தால் போலீஸ் விட்டுவிடும் என்கிறார் ஒரு சொந்தக்காரர். எது சரி, அறுந்த கோடுகளுக்கு யார் பொறுப்பு என்பது சகோதரியின் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கதவுகளில் மிச்சமிருக்கும் பழைய ஃபிலிமை உரித்துவிடுங்கள். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. புதிதாக ஒட்டுவதைப் பற்றித்தான் நிதானமாகப் பேசவேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 100-ஆவது விதி கண்ணாடிகளைப் பற்றியது. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடவேண்டும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமாவது விடவேண்டும். அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்புச் சொன்னது. கண்ணாடி தயாராகும்போதே அந்த அளவுக்குள் சாயம் இருந்தால் சரி, வாங்கிய பிறகு மேலே எந்த ஃபிலிமும் ஒட்டக்கூடாது என்றது. மே 4 முதல் அது அமலுக்கு வந்தது. போலீஸ் அபராதம் போடுவதோடு நிறுத்தாமல் ஃபிலிமை அங்கேயே அகற்றலாம் என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. உங்களிடம் அபராதம் மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்களே, அது ஒருவகையில் சலுகைதான்.

உங்கள் கணவர் சொல்வதும் பொய்யில்லை. 100-ஆவது விதி 2020-இல் திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ‘பாதுகாப்புக் கண்ணாடி’ என்று மட்டும் இருந்த இடத்தில், ஐஎஸ் 2553 பகுதி 2 என்ற இந்தியத் தரநிலைக்கு உட்பட்ட ‘சேஃப்டி கிளேசிங்’ என்பதும் சேர்ந்தது. கண்ணாடியின் உட்புறம் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டியதும் அதற்குள் அடங்கும். இதை வைத்துத்தான் 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். நகரேஷ், 70, 50 என்ற அளவுகளுக்குள் ஃபிலிம் இருந்தால் வண்டிக்காரருக்கு அபராதம் போட முடியாது என்று தீர்ப்பளித்தார்.

ஆனால் அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. உதகையில் வழக்கு நடந்தால் உங்கள் வக்கீல் அதை எடுத்துக்காட்டி வாதாடலாம், நீதிபதி ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். மேட்டுப்பாளையம் ரோட்டில் நிற்கும் எஸ்.ஐ.யிடம் அந்த வாதம் எடுபடும் என்று நினைக்காதீர்கள். அவர் மனதில் இருப்பது 2012 தான். வாதத்தில் நீங்களே ஜெயித்தாலும், அதற்குள் அவர் ஃபிலிமின் ஓரத்தில் நகத்தை வைத்துவிட்டிருப்பார்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவில் முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவை 1,500 ரூபாய் வரை அபராதம். வண்டி வாங்கும்போதே இருந்தது என்ற பதில் செல்லாது. இன்றைக்கு வண்டி யாருடையதோ, ஓட்டுவது யாரோ, அவர்கள்தான் பொறுப்பு. கொழுந்தனாரிடம் பணம் கேட்கலாமா என்று கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தது நல்லது. மூன்று வருடம் நீங்கள் பார்த்து ஓட்டிய ஃபிலிம் அது.

50 சதவீத ஃபிலிம் என்ற கணக்கு

பலரும் ஏமாறுவது இதில்தான். ‘50 சதவீத ஃபிலிம்’ என்று டப்பாவில் போட்டிருப்பது ஃபிலிமின் கணக்கு மட்டும். சட்டம் பார்ப்பது கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து எவ்வளவு வெளிச்சம் விடுகின்றன என்பதை. கார் கண்ணாடியை ஒரு வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்தால் லேசாகப் பச்சை அடிக்கும். கம்பெனியிலிருந்து வரும்போதே அது முழு வெளிச்சத்தையும் விடாது. நூற்றில் 75 பங்கு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 50 சதவீத ஃபிலிம் ஒட்டினால் 75-இல் பாதி, அதாவது 37.5 தான் உள்ளே வரும். பக்கக் கண்ணாடிக்கே தேறாது. 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால் 52.5 வரும், மயிரிழையில் தப்பும். பின்கண்ணாடிக்கு 70 வேண்டும் என்பதால் அங்கே ஏறக்குறைய நிறமில்லாத ஃபிலிமுக்குக்கூட இடம் குறைவு. முன்கண்ணாடியைத் தொடவே வேண்டாம்.

ஆர்டிஓ அப்ரூவ்டு என்று ஒன்று கிடையாது. ஆர்டிஓ அலுவலகம் ஃபிலிம் கம்பெனிக்கு அங்கீகாரம் கொடுப்பதில்லை. அந்த ஸ்டிக்கரைக் காட்டும் கடைக்காரரிடம், ஒட்டிய பிறகு மீட்டர் வைத்து அளந்து பில்லில் எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். ‘அதெல்லாம் வேண்டாம்மா’ என்று சிரித்தால் வேறு கடை பாருங்கள்.

டாக்டர் கடிதத்தை நம்பியும் இருக்காதீர்கள். நோயாளிக்கென்று தனி விலக்கு 100-ஆவது விதியில் இல்லை. கடிதத்தைப் பார்த்து இரக்கப்பட்டு விடும் அதிகாரி இருப்பார், நானும் பார்த்திருக்கிறேன். அது அவருடைய நல்ல மனசு. அதை உங்கள் உரிமை என்று கேட்க முடியாது.

மகளுக்கு வேண்டியது இருட்டு இல்லை

உங்கள் கடிதம் முழுக்க ஒரு எண்ணம் ஓடுகிறது. கறுப்பாக இருந்தால் வெயில் தடுக்கும், வெளுப்பாக இருந்தால் தடுக்காது என்று. லூபஸ் உள்ளவர்களைத் தொந்தரவு செய்வது பெரும்பாலும் புற ஊதாக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாதது, ஃபிலிமின் கறுப்புக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை. நிறமே இல்லாமல் புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுக்கும் ஃபிலிம்கள் இருக்கின்றன. மலிவான கறுப்பு ஃபிலிமில் இருப்பது சாயம். அந்தச் சாயம் வெயிலில் வெளுத்துத்தான் ஊதா ஆகிறது. சாயமே போன ஃபிலிமில் தடுப்புச் சக்தி எவ்வளவு மிச்சம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இத்தனை நாள் மகளைக் காப்பாற்றுகிறது என்று நீங்கள் நம்பிய பொருள் அநேகமாக அவளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

இன்னொன்றும் உண்டு. குளிருகிறதே, வெயில் எங்கே என்று மலையில் நாம் ஏமாந்துபோவோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். கோத்தகிரி 1,700 மீட்டருக்கும் மேல். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்தது என்பதால் புற ஊதாக் கதிரை நன்றாகவே தடுக்கும். கதவுக் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி, அதில் ஒரு பகுதி உள்ளே வரத்தான் செய்யும்.

ஆகவே, என் யோசனை இது. பின்கதவுகள் இரண்டில் மட்டும், நிறமில்லாத, கண்ணாடியோடு சேர்த்து அளந்தால் 50-ஐத் தாராளமாகத் தாண்டும் ஃபிலிம் ஒட்டலாம். பில்லும், தரக்குறிப்புத் தாளும், அளந்த எண்ணும் வண்டியில் இருக்கட்டும். சட்டப்படி இதிலும் கொஞ்சம் ரிஸ்க் இருக்கிறது, மறைக்கவில்லை. 2012 தீர்ப்பைக் காட்டி ஒரு கண்டிப்பான அதிகாரி சலான் போடலாம். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் மகளின் முகம் தெளிவாகத் தெரியும் வண்டியை நிறுத்துவதற்கு அவருக்கு அநேகமாக வேலை இருக்காது. போட்டால் கட்டிவிடுவதா, நீதிமன்றத்தில் எதிர்ப்பதா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். அந்த ரிஸ்க்கே வேண்டாம் என்றால் முழுக்கைச் சட்டை, துப்பட்டா, டாக்டர் சொன்ன சன்ஸ்கிரீன் போதுமா என்று மகளின் டாக்டரிடமே கேளுங்கள். அதில் நான் வாய் திறக்கக்கூடாது.

உலோகம் கலந்த ஃபிலிமைத் தவிர்த்துவிடுங்கள், செல்போன் சிக்னலுக்கு இடைஞ்சல் வரலாம்.

ஒரு சின்ன விஷயம். மேட்டுப்பாளையம் தாண்டினால் கோவை நேர் தெற்கு. காலையில் போகும்போது வெயில் இடது பக்கம் அடிக்கும். சாயங்காலம் வடக்கே திரும்பி வரும்போதும் மேற்கு வெயில் இடது பக்கம்தான். மகளை இரண்டு தடவையும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்காரவையுங்கள். மலைப்பாதையில் இந்தக் கணக்கு செல்லாது, கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி வெயில் பக்கம் மாறும்.

கொண்டை ஊசி என்றதும் இதையும் சொல்லவேண்டும். வளைவில் திரும்பும்போது அடுத்த ரோட்டை நாம் முன்கண்ணாடி வழியாகப் பார்ப்பதில்லை, கதவுக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம். உங்கள் கதவுக் கண்ணாடி இப்போது கொப்பளம் விட்ட ஊதாக் கண்ணாடி. குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ சீசனில் ராத்திரி வந்திருப்பீர்கள். யானை ரோட்டோரத்தில் நிற்கும், அசையாது, இருட்டோடு இருட்டாக இருக்கும். மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் கேட்கவே வேண்டாம். விபத்து என்று ஒன்று நடந்து வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி “கண்ணாடியில் ஃபிலிம் இருந்ததா?” என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியை நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

கதவுகளை நீங்களே உரிக்கலாம்

நல்ல வெயில் அடிக்கும் மதியமாகப் பாருங்கள். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினால் ஃபிலிமின் மேல் ஓரம் தெரியும். ஹேர் டிரையரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே சூடு காட்டுங்கள். ஓரத்தை நகத்தால் கிளப்பி, மெதுவாக, கண்ணாடியை ஒட்டினாற்போலக் கீழ்நோக்கி இழுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் ஃபிலிம் மட்டும் கிழிந்து பசை முழுக்கக் கண்ணாடியிலேயே தங்கிவிடும். தங்கிய பசைக்குச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள், கடைசியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். கதவுக்குள் தண்ணீர் இறங்காமல் அடியில் ஒரு துண்டு வையுங்கள், பவர் விண்டோ சுவிட்சு அங்கேதான் இருக்கிறது. அமோனியா ஊற்றி ஊறவைக்கும் முறை ஒன்று உண்டு. அடைத்த காருக்குள் அந்த நெடி தாங்காது, மகள் உட்காரும் வண்டி வேறு. வேண்டாம்.

வெந்நீர் ஊற்றவே கூடாது. ஜனவரியில் ஒருநாள் காலை, உதகையில் புல்லெல்லாம் உறைபனி. என் பழைய காரின் முன்கண்ணாடியில் மேலே ஒட்டியிருந்த கறுப்புப் பட்டையை எடுக்கிறேன் என்று ஒரு சொம்பு வெந்நீரை விட்டேன். எப்போதோ கல் தெறித்து அரிசி அளவில் ஒரு புள்ளி இருந்தது. ‘டிக்’ என்று சத்தம். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடு எனக்கு முன்னாலேயே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடியது. மனைவி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, அதுதான் தண்டனை.

உரித்த குப்பையும் பிளாஸ்டிக்தான். தேயிலைக்குள்ளோ ஓடைப் பக்கமோ போடாமல் கட்டித் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

புதிதாக ஒட்டுவதை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். சமவெளியில் மூன்று நான்கு நாளில் காய்கிற பசை நம் குளிருக்கு ஒரு வாரம், பத்து நாள்கூட எடுக்கும். அதுவரை கண்ணாடியை இறக்கக்கூடாது. பிப்ரவரி, மார்ச் நல்லது.

அறுந்த கோடுகளுக்குக் கடைக்காரர்தான் பொறுப்பு

டீஃபாகர் கோடு உள்ள கண்ணாடியில் பிளேடு வைக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலில் பாலபாடம். பணம் வாங்கிக்கொண்டு கவனமில்லாமல் செய்த வேலை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு. பில் தரவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். ஜிபேயில் 1,200 ரூபாய் அனுப்பியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதுவே பணம் கொடுத்ததற்குச் சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அவருடைய ‘முன்னாடியே போயிருக்கும்’ என்ற பதிலுக்குத்தான் தயாராக வேண்டும். கண்ணாடியில் மஞ்சு படிந்த காலையில் டீஃபாகர் சுவிட்சைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். வேலை செய்யும் கோட்டை ஒட்டி மட்டும் ஈரம் விலகும். அறுந்த கோடு இருக்கும் இடம் பட்டையாக மங்கலாகவே நிற்கும். அதைப் படம் எடுங்கள். பிறகு துடைத்துவிட்டு, பிளேடு கீறிய தடத்தைக் கிட்டத்தில் இன்னொரு படம். வயதாகிப் போன கோடு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகும். பிளேடு வெட்டினால் நான்கைந்து கோடுகள் ஒரே சாய்வில் வரிசையாக அறுந்திருக்கும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் நீதிபதிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கண்ணாடியையே மாற்றித் தரவேண்டும் என்று தொடங்காதீர்கள். மெல்லிய வெட்டுகளை வெள்ளி கலந்த, மின்சாரம் கடத்தும் பெயின்ட் தொட்டு இணைக்க முடியும். ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டி, சரிசெய்ய எவ்வளவு, முடியாதென்றால் கண்ணாடிக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அதை இணைத்துக் கடைக்காரருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் இந்தக் கடிதத்திலேயே போனை எடுத்துவிடுவார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

மசியவில்லை என்றால் உதகையில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கடை கோவை மாவட்டத்தில் இருக்கிறதே என்று தயங்கவேண்டாம். புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலேயே தொடுக்கலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. வேலைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். எழுத உதவி வேண்டுமானால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவசமாகச் செய்வார்கள்.

மஞ்சு படிந்த கண்ணாடிப் படத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கோடுகளை யாராவது சரிசெய்துவிட்டால் பிறகு அந்தப் படம் கிடைக்காது.